ராஸ்பெரி பை நடுவில் நின்றுபோகிறதா? மென்பொருளைத் தொடும் முன் மின்சாரத்தை அளந்து பாருங்கள்

ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் குட்டிக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. யுஎஸ்பியில் மாட்டிய டிஸ்க் திடீரென்று காணாமல் போகிறது. வைஃபை அறுபடுகிறது. சென்சார் சிலசமயம் சரியாகவும் சிலசமயம் தப்பாகவும் படிக்கிறது. இந்த மாதிரிக் கோளாறு வந்தால் பலரும் உடனே எஸ்டி கார்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுகிறார்கள். சில நாள் ஓடும், பிறகு அதே கோளாறு திரும்பி வரும். வந்துபோகும் கோளாறுகளில் பெரும்பகுதி மென்பொருளில் இருப்பதில்லை. சார்ஜர், கேபிள், கார்டு, ஒயர் இணைப்பு இவற்றில் ஒன்றில்தான் இருக்கும். எனவே கீழிருந்து மேலே போங்கள்: மின்சாரம், கார்டு, ஒயர், கடைசியில் மென்பொருள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜரையும் கார்டையும் சேர்த்து மாற்றிவிட்டுக் கோளாறு போய்விட்டால், எது காரணம் என்று தெரியாமலே போகும்.

கையில் இருக்க வேண்டியவை: சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, நன்றாக ஓடும் என்று உறுதியான சார்ஜர் ஒன்று, புதிய இயங்குதளம் ஏற்றிய மாற்று எஸ்டி கார்டு ஒன்று, ஒருமுனை பெண் மறுமுனை ஆண் ஜம்பர் ஒயர்கள், 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர், 1என்4007 டையோடு, 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சில, 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று. மாற்றுக் கார்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பழைய கார்டைக் கழற்றிவிட்டு இதைப் போட்டும் அதே கோளாறு வந்தால், உங்கள் நிரல் அல்ல காரணம் என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மின்சாரம்

2014-இல் வந்த பி பிளஸ் முதல், ஜீரோ வகைகளைத் தவிர எல்லா மாடல்களிலும் மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் பகுதி உண்டு. 5 வோல்ட் பாதையில் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டு அதைக் குறித்துக்கொண்டு, பிராசசரின் வேகத்தைக் குறைக்கிறது. திரை இருந்தால் மின்னல் குறி தெரியும். இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் பதிவிலும் வோல்டேஜ் குறைந்ததாக ஒரு வரி விழும். ஜீரோ வகைகளில் இந்த வசதி இல்லாததால் எச்சரிக்கை வராமலேயே சிக்கல் வரும். அவற்றுக்கு மல்டிமீட்டர்தான் வழி.

சார்ஜரில் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போர்டுக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது கேபிள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலிவான கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பி பெரும்பாலும் 28 ஏ.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனின் அளவு, எண் கூடினால் கம்பி மெலிசு). அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போய்த் திரும்பி வர வேண்டுமல்லவா, ஆகவே 1 மீட்டர் கேபிளில் 2 மீட்டர் கம்பி, அதாவது சுமார் 0.43 ஓம். வேலை செய்துகொண்டிருக்கும் பை 4 எளிதாக 1.2 ஆம்பியர் இழுக்கும். அப்போது கேபிளில் மட்டும் 0.5 வோல்ட் விழுகிறது. சார்ஜர் 5.1 வோல்ட் கொடுத்தாலும் போர்டுக்குக் கிடைப்பது 4.6 வோல்ட்தான். அதுவே எச்சரிக்கை எல்லைக்குக் கீழே போய்விட்டது. 24 ஏ.டபிள்யூ.ஜி. கம்பி என்றால் இழப்பு 0.2 வோல்ட்டில் நிற்கும். அதிகாரப்பூர்வ சார்ஜர் 5 வோல்ட்டுக்குப் பதிலாக 5.1 வோல்ட் கொடுப்பதும், பை 3, பை 4 சார்ஜர்களில் கேபிள் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருவதும் இந்த இழப்பை மனத்தில் வைத்துத்தான். குட்டையான, தடிமனான கேபிள் வாங்குங்கள். கோளாறைத் தேடும்போது எக்ஸ்டென்ஷன், காந்தமுனை அடாப்டர், ஒயர் நடுவில் சுவிட்ச் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

அளக்கும் முறை இது. பையை அணைத்துவிட்டு, 40 பின் வரிசையில் 4-ஆம் பின்னிலும் 6-ஆம் பின்னிலும் ஆளுக்கொரு ஜம்பர் ஒயரை மாட்டுங்கள். 4-ஆவது 5 வோல்ட், 6-ஆவது கிரவுண்ட். மல்டிமீட்டர் முனையை நேராகப் பின்னில் வைக்காதீர்கள். கை சற்று நழுவி 5 வோல்ட்டும் பக்கத்து 3.3 வோல்ட் பின்னும் தொட்டுக்கொண்டால் போர்டு அந்த நொடியே போய்விடும். ஒயர்களின் மறுமுனைகள் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைத்து, பிறகு இயக்கி, அங்கே அளவெடுங்கள். சும்மா இருக்கும்போது வரும் அளவு எதையும் சொல்லாது. பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி நிரலை நிறுவி நான்கு கோர்களையும் ஓடவிட்டு, டிஸ்க், கேமரா என வழக்கமாக மாட்டும் எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் பாருங்கள். 4.9 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 4.75-க்குக் கீழே வந்தால் கேபிளை மாற்றுங்கள். மாற்றியும் ஏறாவிட்டால் சார்ஜரை மாற்றுங்கள்.

மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. சில மில்லிநொடி மட்டும் விழுந்து எழும் சரிவு அதில் தெரியாது. அதைப் பிடிக்க போர்டின் சொந்தப் பதிவையே கேளுங்கள். டெர்மினலில் விசிஜென்சிஎம்டி நிரலை கெட்_த்ராட்டில்ட் என்ற சொல்லோடு ஓட்டினால் ஒரு பதினறும எண் வரும். வெறும் 0 என்றால், பூட் ஆன நேரம் முதல் இதுவரை குறை எதுவும் இல்லை. இல்லாவிட்டால் கடைசி இலக்கம் இந்தக் கணத்து நிலையைச் சொல்கிறது: 1 என்றால் மின்னழுத்தம் குறைவு, 2 என்றால் பிராசசர் வேகத்துக்கு உச்சவரம்பு விழுந்திருக்கிறது, 4 என்றால் வேகம் இறக்கப்பட்டிருக்கிறது, 8 என்றால் வெப்பத்தின் மென்வரம்பு எட்டப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கு மேல் இருந்தால் கூட்டி வரும். ஐந்து இலக்கம் வந்தால் முதல் இலக்கத்துக்கும் இதே பொருள்தான், ஆனால் அது பூட் ஆனதிலிருந்து எப்போதாவது நடந்ததைக் குறிக்கும். ஆக 50005 என்றால் இப்போதும் மின்சாரம் குறைவு, முன்பும் குறைந்தது. 50000 என்றால் இப்போது சரி, இடையில் ஒரு தடவையாவது விழுந்தது. வந்துபோகும் கோளாறுக்காரர்கள் பெரும்பாலும் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். ரீஸ்டார்ட் ஆனால் இந்தப் பதிவு அழிந்துவிடும். அதனால் இயங்குதளம் எழுதும் ஜர்னல் பதிவு கார்டில் நிலையாகச் சேமிக்கும்படி அமைத்துவைத்து, முந்தைய பூட்டின் கெர்னல் வரிகளில் வோல்டேஜ் என்ற சொல்லைத் தேடுங்கள்.

யுஎஸ்பி பொருட்கள் முதலில் அடிவாங்குவதற்குக் காரணம் உண்டு. பிராசசருக்கும் எஸ்டி கார்டுக்கும் போர்டில் உள்ள ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை இறக்கிச் சமன்செய்து கொடுக்கிறது. யுஎஸ்பி துளைகளுக்கோ வந்த 5 வோல்ட் அப்படியே போகிறது. ஆகவே பை உயிரோடு இருக்கும்போதே டிஸ்க் மட்டும் துண்டிக்கப்படும். பை 4-இல் நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து வரம்பு 1.2 ஆம்பியர். சுழலும் 2.5 அங்குல டிஸ்க் தொடங்கும் நொடியில் ஒன்றே 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். இதற்குத் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வேண்டும். ஆனால் சில ஹப்கள் தங்கள் 5 வோல்ட்டைத் தலைகீழாகப் பைக்குள் தள்ளும். பையின் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஹப்பை மட்டும் மாட்டிவைத்துப் பாருங்கள். பையின் விளக்கு எரிந்தால் அந்த ஹப் வேண்டாம். பை சரியாக அணையாமலும் சரியாகப் பூட் ஆகாமலும் பாதியில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

பை 5 வாங்கியவர்களுக்கு வேறொரு சிக்கல். அதன் சார்ஜர் 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொடுப்பது. லேப்டாப்பின் 65 வாட் சார்ஜரை மாட்டினால் தாராளமாகப் போதும் என்று தோன்றும். அந்தச் சார்ஜர்கள் தங்கள் திறனை 9, 15, 20 வோல்ட்டில்தான் கொடுக்கின்றன. 5 வோல்ட்டில் பெரும்பாலானவை 3 ஆம்பியரோடு நின்றுவிடும். பை 5 அதைக் கண்டுகொண்டு யுஎஸ்பி துளைகளை மொத்தம் 600 மில்லிஆம்பியருக்குக் கட்டுப்படுத்திவிடும். 5 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் அது 1.6 ஆம்பியர். பூட்டின்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பான கான்ஃபிக் கோப்பில் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் வரி ஒன்று உண்டு. சார்ஜர் உண்மையிலேயே தாங்கும் என்று அளந்து தெரிந்தால் மட்டும் அதைச் சேருங்கள்.

2019-இல் வந்த பை 4-இன் முதல் வெளியீட்டுப் போர்டுகளில் யுஎஸ்பி-சி துளையின் இரண்டு அடையாளப் பின்களும் ஒரே ரெசிஸ்டரைப் பகிர்ந்துகொண்டன. சிப் பதித்த விலையுயர்ந்த கேபிள் மாட்டினால் சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர் என்று எண்ணி மின்சாரமே கொடுக்காது. கையில் அந்தப் பழைய போர்டு இருந்து, சில கேபிளில் மட்டும் உயிரே வராவிட்டால், சிப் இல்லாத சாதாரண கேபிள் போதும். 1.2 திருத்தத்தில் இதைச் சரிசெய்துவிட்டார்கள்.

வெப்பத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசசர் வேகத்தைக் குறைக்கும், 85-இல் இன்னும் கடுமையாக. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கோடைக்காலத்தில் பை 4 இதைச் சுலபமாகத் தொடும். ஹீட்சிங்கும் சிறு விசிறியும் போட்டால் தீர்ந்தது. வேகம் குறையுமே தவிர, வெப்பத்தால் மட்டும் டிஸ்க் அறுபடுவதோ திடீர் ரீஸ்டார்ட்டோ வருவது அரிது.

பூட்டே ஆகவில்லை என்றால்

பச்சை விளக்கைப் பாருங்கள். கார்டைப் படிக்கும்போது அது ஒழுங்கற்றுச் சிமிட்டும். ஒரே எண்ணிக்கையில் திரும்பத் திரும்பச் சிமிட்டினால் அது பிழைக்குறி: 4 குறுஞ்சிமிட்டு என்றால் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை, 7 என்றால் கெர்னல் கிடைக்கவில்லை, 8 என்றால் மெமரியில் கோளாறு. முதல் இரண்டுக்கும் கார்டை மறுபடி எழுதினால் போதும். சிவப்பு விளக்கு எரிந்து பச்சை ஒருமுறைகூட சிமிட்டாவிட்டால், பை 4-இலும் பை 5-இலும் போர்டிலேயே உள்ள பூட்லோடர் (பூட்டைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) சிதைந்திருக்கலாம். கார்டில் இயங்குதளத்தை எழுதும் நிரலான ராஸ்பெரி பை இமேஜரில் பூட்லோடரை மீட்கும் இமேஜ் உண்டு. அதை ஒரு கார்டில் எழுதிப் போட்டு இயக்குங்கள். வேலை முடிந்ததும் பச்சை விளக்கு சீராக வேகமாகச் சிமிட்டும், திரை முழுக்கப் பச்சையாகும். விளக்குகள் இயல்பாக இருந்து திரை மட்டும் இருட்டாக இருந்தால், பை 4-இன் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகளில் மின்சாரத் துளைக்குப் பக்கத்தில் உள்ளதில் கேபிளை மாட்டுங்கள்.

விண்டோஸில் கார்டைச் செருகினால், லினக்ஸ் பகுதியைப் படிக்கத் தெரியாமல் அதை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு கிளிக்கில் எல்லாம் போனவர்கள் நிறையப் பேர். கார்டைச் சரிபார்க்க வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, மவுண்ட் ஆகியிருந்தால் அன்மவுண்ட் செய்து, இரண்டாவது பார்ட்டிஷனில் கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே நிரலை ஓட்டுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும்போது ஓட்டினால் உள்ளதும் கெடும்.

கார்டு வாழ்நாளின் முடிவில் வினோதமாக நடந்துகொள்ளும். எழுதச் சொன்னால் எழுதியதாகச் சொல்லும், பிழையே காட்டாது, ரீஸ்டார்ட் செய்தால் பழையபடியே இருக்கும். ஒரு கோப்பை அழித்துவிட்டுப் பையை அணைத்து இயக்குங்கள். கோப்பு திரும்பி வந்துவிட்டால் கார்டு செத்துவிட்டது, உள்ளே இருப்பதைப் பிரதியெடுத்துக்கொண்டு தூக்கிப்போடுங்கள். போலிக் கார்டுகள் வேறு மாதிரி. 64 ஜிபி என்று சொல்லும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். அந்த 8 நிரம்பும்வரை ஒழுங்காக ஓடி, பிறகு பழைய கோப்புகளின் மேலேயே எழுதிவிடும். கார்டு வாங்கியதும் எஃப்3 என்ற கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

மின்சாரம் அடிக்கடி போய்வரும் இடத்தில் பை 24 மணிநேரமும் ஓடினால் கார்டு சிதைவது காலக் கேள்விதான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், கார்டின் உட்கட்டுப்பாட்டுச் சிப் நகர்த்திக்கொண்டிருந்த தொகுதி கெடும். நீங்கள் அப்போது தொடாத கோப்புகூட அதில் இருக்கலாம். பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது, மாற்றங்கள் எல்லாம் ரேமில் நின்று அணைத்ததும் மறையும். சென்சார் தரவைச் சேமிக்க வேண்டியவர்கள் அதைத் தனி யுஎஸ்பி டிரைவிலோ நெட்வொர்க்கில் உள்ள வேறு கணினியிலோ எழுதலாம்.

ஒயரும் சென்சாரும்

சென்சார் போன்றவற்றை இணைக்கும் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 5 வோல்ட் தொட்டால் பின் உடனே சாகலாம், அல்லது அரைகுறையாகப் பழுதாகி மாதங்கள் கழித்துத் தொல்லை தரலாம். தூரம் அளக்கும் எச்சிஎஸ்ஆர்04-இன் எக்கோ பின் 5 வோல்ட் தருகிறது. எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போட்டு நடுச்சந்திப்பைப் பையோடு இணைத்தால் 3.33 வோல்ட் வரும். ஐ2சி முறையில், அதாவது தரவுக்கு எஸ்டிஏ, கடிகாரத்துக்கு எஸ்சிஎல் என இரண்டு ஒயரில் பேசும் தொகுதிகளில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தொகுதிக்கு 5 வோல்ட் கொடுத்தால், அதில் உள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள் எஸ்டிஏ, எஸ்சிஎல் ஒயர்களையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும். பையோடு இணைக்கும் முன் தொகுதிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து அந்த இரண்டு பின்களையும் கிரவுண்டுக்கு எதிராக அளந்துவிடுங்கள்.

ஐ2சி ஸ்கேனில் முகவரி எதுவும் தெரியாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: ராஸ்பி-கான்ஃபிக்கில் ஐ2சி இயக்கப்பட்டிருக்கிறதா, எஸ்டிஏ 3-ஆம் பின்னிலும் எஸ்சிஎல் 5-ஆம் பின்னிலும் மாறாமல் இருக்கின்றனவா, கிரவுண்ட் இணைந்திருக்கிறதா, தொகுதியின் பின்கள் சால்டர் செய்யப்பட்டிருக்கின்றனவா. கடைசியாகச் சொன்னதுதான் புதியவர்களிடம் அதிகம். பின்னைத் துளையில் செருகி வைத்தால் மட்டும் தொடர்பு வராது, வந்தாலும் நிற்காது. முகவரி வந்து வந்து மறைந்தால் ஒயர் நீளம் அதிகம், அல்லது பிரெட்போர்டின் பிடி தளர்ந்திருக்கிறது. ஒயரை அரை மீட்டருக்குள் வைத்து, ஐ2சி வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10-க்கு இறக்கிப் பாருங்கள். பை 4 வரையான பிராசசர்களில், சென்சார் எஸ்சிஎல் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தும்போது தடுமாறும் பழைய குறை உண்டு. வேகத்தைக் குறைத்தால் அது பெரும்பாலும் அடங்கும்.

டிஎஸ்18பி20 வெப்பமானி திடீரென்று சரியாக 85 டிகிரி காட்டினால் அது வெப்பநிலையே அல்ல. மின்சாரம் வந்ததும் அந்தச் சிப்பின் நினைவில் இருக்கும் தொடக்க எண் அது. அளவெடுக்கும் முன் சிப் ரீசெட் ஆகிவிட்டது என்று பொருள், ஆக மறுபடியும் மின்சாரத்தையும் தளர்ந்த ஒயரையும் பார்க்க வேண்டும். தரவு ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். டிஎச்டி22-ஐ 2 நொடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்டால் பிழைதான் வரும்.

ரிலேயும் மோட்டாரும்

ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும்போது பை ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது, 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஒவ்வொன்றும் சுமார் 70 மில்லிஆம்பியர் கேட்கும். நான்கு, எட்டு ரிலே சேர்ந்தால் பையின் 5 வோல்ட் தள்ளாடும். இரண்டாவது, சுருளை விடுவிக்கும் கணத்தில் அது எதிர்த்திசையில் உயர் மின்னழுத்தத்தை உதைக்கும். சுருளுக்குக் குறுக்கே 1என்4007-ஐ, கோடு போட்ட முனை நேர்மின் பக்கம் வருமாறு இணையுங்கள். கடையில் வாங்கும் ரிலே போர்டுகளில் இது பெரும்பாலும் இருக்கும், நீங்களே கட்டிய சுற்றில்தான் விட்டுப்போகும். சிறு சர்வோ மோட்டார்கூட சிக்கிக்கொண்டால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து, அதன் முனைகளில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை துருவம் மாறாமல் போட்டு, இரண்டு மின்சாரங்களின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். கிரவுண்டைச் சேர்க்காவிட்டால் சர்வோ நடுங்கும், சொல் கேட்காது.

ரிலே இயங்குகிறது, அணைய மறுக்கிறது என்றால் அது வேறு விஷயம். ஒரே ரிலே உள்ள, பின் தாழ்ந்தால் இயங்கும் மலிவான டிரான்சிஸ்டர் போர்டு 5 வோல்ட்டில் ஓடுகிறது. பை உயர்நிலை என்று கொடுப்பது 3.3 வோல்ட். மீதமுள்ள 1.7 வோல்ட் டிரான்சிஸ்டரைத் திறந்தே வைத்திருக்கப் போதும். நிரலில் எவ்வளவு மாற்றினாலும் பலிக்காது. உயர்நிலையில் இயங்கும் போர்டு வாங்குங்கள், அல்லது நடுவில் 1 கிலோ ஓம் பேஸ் ரெசிஸ்டரோடு ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரை வையுங்கள். அப்போது நிரலில் இயக்கமும் அணைப்பும் தலைகீழாகும். ரிலேயின் மறுபக்கத்தில் 230 வோல்ட் இருந்தால், எதையும் அளக்கும் முன் அந்தப் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மென்பொருள்

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் இங்கே வர வேண்டும். 2022 ஏப்ரல் முதல் பை என்ற பழைய பயனர்பெயர் தானாக உருவாவதில்லை. இமேஜரில் எழுதும்போதே பெயரும் கடவுச்சொல்லும் வைக்காவிட்டால் நெட்வொர்க் வழியாக, அதாவது எஸ்எஸ்எச்சில், நுழைய முடியாது. வைஃபையே எழாவிட்டால் நாடு தேர்ந்தெடுக்கப்பட்டதா என்று பாருங்கள். இயங்குதளத்தின் 2023 புக்வார்ம் வெளியீட்டில் கான்ஃபிக் கோப்பு பூட் கோப்புறையிலிருந்து அதற்குள் உள்ள ஃபர்ம்வேர் கோப்புறைக்கு நகர்ந்தது. பழைய இடத்தில் திருத்தினால் எதுவும் மாறாது. கெர்னலுக்கான கட்டளைகள் உள்ள சிஎம்டிலைன் கோப்பில் இருப்பதெல்லாம் ஒரே வரியாக இருக்க வேண்டும். நடுவில் என்டர் விழுந்தால் அதற்குப் பிறகு உள்ளது படிக்கப்படாது. கையால் ஓட்டினால் ஓடும் பைத்தான் நிரல், பூட்டின்போது ஓடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நெட்வொர்க் எழும் முன் தொடங்குவதோ முழுப் பாதை கொடுக்காததோதான். பூட்டின்போது நிரல்களைத் தொடங்கும் சிஸ்டம்டியின் சேவையாக எழுதினால் ஜர்னல் பதிவில் பிழை அப்படியே கிடைக்கும். பை 4-இல் ஓடிய ஜிபிஐஓ நிரல் பை 5-இல் ஓடாவிட்டால் ஒயரைக் குடைய வேண்டாம். பை 5-இல் அந்தப் பின்களை ஆர்பி1 என்ற தனிச் சிப் கையாள்கிறது, பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகத்துக்கு அது புரியாது. ஜிபிஐஓஜீரோவுக்கு மாறுங்கள்.

திரையும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை என்றால் சீரியல் ஒயர் இருக்கிறது. கான்ஃபிக் கோப்பில் சீரியல் தொடர்பைக் கையாளும் யூஆர்ட்டை இயக்கும் வரியைச் சேர்த்து, அடாப்டரின் கிரவுண்டை 6-ஆம் பின்னிலும், ஆர்எக்ஸை 8-ஆம் பின்னிலும், டிஎக்ஸை 10-ஆம் பின்னிலும் மாட்டுங்கள். அடாப்டர் 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும், அதன் சிவப்பு 5 வோல்ட் ஒயரை எங்கும் இணைக்கக் கூடாது. பை 5-இல் இதற்கென்று மூன்று பின் இணைப்பான் தனியாகவே இருக்கிறது. வேகம் 115200. பையை இயக்கியதும் கெர்னலின் முதல் வரியிலிருந்து எல்லாம் ஓடும், எந்த வரியில் நிற்கிறதோ அதிலிருந்து தேடத் தொடங்கலாம்.